மாடன் உயரம் குறைந்த வருஷம்

கனிமத் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதிகாரி போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார். இப்போதெல்லாம் குவாரியை அளக்க ட்ரோன் பறக்கவிட்டால் போதுமாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் திரையில் வந்து நின்றுவிடுகிறதாம். எனக்கு அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு நாள் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கிளம்பும்போது வாசலில் நின்றபடி அவர் கேட்டார்: “உங்க காலத்துல ஆழத்தை எப்படி சார் அளந்தீங்க? தோண்டின பிறகு பழைய தரைதான் அங்கே இல்லையே?”

நல்ல கேள்வி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நானும் இதே கேள்வியைக் கேட்டேன். பதில் ஒரு வரிதான்: கொஞ்சம் தரையை வெட்டாமல் விட்டுவைப்போம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு தாசில்தார், ஒரு ராவுத்தர், ஒரு சுடலைமாடன், குற்றாலம் சாலையில் போன அத்தனை வண்டிக் காளைகள் எல்லாம் இருக்கின்றன. வாசலில் நின்று சொல்லி முடிகிற சங்கதி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் படித்தேன். பௌதிகம் பிடிக்கும், பரீட்சை பிடிக்காது. போகிற இடத்திலெல்லாம் கல் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்வேன். சட்டைப் பை ஒன்றுகூட முழுசாக இருந்ததில்லை. மேலே படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. ரெவின்யூவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, சர்வே பயிற்சியில் அளவுச் சங்கிலி இழுத்து, ஐம்பதுகளின் கடைசியில் தென்காசி தாலுகாவில் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக வந்து விழுந்தேன். மற்ற ஆர்.ஐ.களுக்கு வரி, பட்டா, அடங்கல் என்று மரியாதையான வேலைகள். எனக்குக் கொடுத்தது ரோட்டுக்குப் போடும் சரள் தோண்டுகிற சின்னச் சின்னக் குழிகள், மண் குழிகள். கடையத்திலிருந்து அச்சன்புதூர் வரைக்கும் எங்கே யார் சரள் தோண்டினாலும் நான் போய் எட்டிப்பார்க்க வேண்டும். ஆபீஸில் என் பெயரையே மறந்துவிட்டார்கள். ‘குழி ஆர்.ஐ.’ என்றால்தான் தெரியும். எனக்கு அதில் வருத்தமே கிடையாது. காலையில் சைக்கிளை எடுத்தால் சாயங்காலம் வரை மண்ணையும் கல்லையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்!

ஒரு குழியைப் பார்வையிடுவது எப்படி? முதலில் மூலைக்கற்களைத் தேட வேண்டும். முள்ளுக்குள் கிடக்கும், சில சமயம் நடந்தும் போயிருக்கும். அனுமதித்த எல்லைக்குள்தான் வெட்டுகிறார்களா என்று ஊர்த் தலையாரியை மறுமுனையில் நிறுத்திச் சங்கிலி பிடிக்க வேண்டும். குளத்துக்கரையும் வாய்க்காலும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். கடைசியில் ஆழம். எங்கள் பக்கத்துச் சரளுக்குப் பத்தடிதான் அனுமதி. அதற்கு மேல் போனால் சுவர் நிற்காது. காய்ந்திருக்கும்போது பாறை மாதிரி இருக்கிற அதே சுவர், ஆனி மாதச் சாரலில் நனைந்தால் பொசுக்கென்று உட்கார்ந்துவிடும்.

அந்தப் பத்தடியை எங்கிருந்து அளப்பது? அதற்குத்தான் குழியின் நடுவில் ஒரு திட்டை வெட்டாமல் விடச் சொல்வோம். சுற்றிலும் தோண்டத் தோண்ட அது தூண் மாதிரி எழுந்து நிற்கும். அதன் தலையில் பழைய தரையின் புல் அப்படியே இருக்க வேண்டும். தலையிலிருந்து அடிவரை அளந்தால் ஆழம். ஆபீஸ் பேச்சில் அதற்குச் ‘சாட்சி’ என்று பெயர்.

சாட்சி பொய் சொல்லுமா? சொல்ல வைப்பார்கள். ராத்திரியோடு ராத்திரியாகத் தலையைச் சீவிவிட்டுப் புல்லை மறுபடி பதித்துவிட்டால் ஆழம் குறைவாகத்தான் காட்டும். அதனால் புல்லைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். கையோடு வந்தால் கதை முடிந்தது.

இனி என் மேலதிகாரியைப் பற்றி. தாசில்தார் கோமதிநாயகம் பிள்ளை ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ விரித்த குடையோடுதான் ஜீப்பை விட்டு இறங்குவார். பார்வையிடப் போன இடத்தில் யார் கொடுத்தாலும் பச்சைத் தண்ணீர் கூடத் தொடமாட்டார். வீட்டிலிருந்து கூஜா வரும். டிரைவருக்கும் எனக்கும் ஊற்றிக்கொடுத்துவிட்டு மிச்சத்தை அண்ணாந்து குடிப்பார். இதெல்லாம் பரவாயில்லை. குழிக்கு வந்ததும் குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவார் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்காது. நான் சங்கிலியும் கையுமாக உள்ளே இறங்கத் துடித்துக்கொண்டிருப்பேன். அவர் வண்டித் தடத்தைப் பார்ப்பார், மரத்தடியில் தொங்கும் தூக்குச்சட்டிகளைப் பார்ப்பார், மாடு எதைத் தின்கிறது என்று பார்ப்பார்.

“குழி இந்தப் பக்கம் இருக்கு சார்” என்று ஒரு தடவை சொல்லியே விட்டேன்.

“அது எங்கயும் ஓடிராதுவே. மத்ததெல்லாம் நாம வந்துட்டோம்னு இப்பவே இடம் மாறிக்கிட்டு இருக்கு” என்றார், திரும்பாமலே.

அச்சன்புதூருக்கு வெளியே ஒரு புறம்போக்கு மேட்டில் மீரான் ராவுத்தர் சரள் குழி எடுத்திருந்தார். தறி நெய்த குடும்பம். நூல் விலையோடு மல்லுக்கட்ட முடியாமல் தறிகளை விற்று இரண்டு வண்டியும் மாடும் வாங்கியவர். தென்காசி–குற்றாலம் சாலையை அருவி சீசனுக்கு முன்னால் அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கான்ட்ராக்டருக்கு இவர் குழியிலிருந்து சரள் போனது. வெட்டுகிற ஆண்கள், சுமக்கிற பெண்கள் எல்லோருக்கும் தலைமை இசக்கியம்மா. நாற்பது வயதிருக்கும். குரல் மட்டும் மேட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

தை மாதம் முதல் தடவை போனேன். குழிக்குள் இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டேன். நடுவில் சாட்சி இருந்தது. ஆனால் அதன் பக்கங்களைச் செதுக்கி, மேலே போகப் போகச் சிறுத்து, சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை போட்டு, அரளி மாலையும் சாத்தியிருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் பீடம் எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படி!

“ஏ சார், செருப்ப அங்கன கழட்டிப் போட்டுட்டு வாங்க!” என்று ஒரு சத்தம்.

“குழிக்குள்ள எதுக்கு?”

“குழியா? மாடன் முன்னால நிக்கீய.” இசக்கியம்மா சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்து உதறிக்கொண்டே வந்தார்.

மீரான் ராவுத்தர் ஓடிவந்தார். “நான் சாட்சி விடுங்கன்னு சொன்னேன் சார், இவ்வோ சாமிய விட்டுட்டாவ. நட்ட நடுவுல தன்னால எழும்பி நிக்குன்னா அது மாடன்தானாம். சுண்ணாம்புகூட நான்தான் வாங்கிக் குடுக்கேன். என்ன செய்ய, ஒரே குழிக்குள்ள கெடந்து பொழைக்கோம்.”

“சரி, நான் அளக்கணுமே. சாமியை அளக்கலாமா?”

இசக்கியம்மா யோசித்தார். “டெய்லர் அளக்க மாதிரி அளங்க. கம்பி குத்தப்படாது, மம்பட்டி படப்படாது. அம்புட்டுதான்.”

கூடைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். “யக்கா, மாடனுக்கு சட்டை தைக்கப் போறாவளா?” என்றாள் ஒருத்தி.

செருப்பைக் கழற்றிவிட்டு அளந்தேன். தலையில் புல் இருந்தது. இழுத்துப் பார்க்க விடவில்லை. சுற்றுத் தரையும் மாடன் தலையும் ஒரே மட்டம். ஆழம் பத்தடிக்கு வெகு குறைவு. எல்லாம் சுத்தம்.

அங்கே இன்னொன்றும் பார்த்தேன், அப்போது மிகவும் பிடித்துப்போயிற்று. பத்தடி நீளத்துக்கு ஒரு மூங்கில் கம்பு வைத்திருந்தார்கள். அதை மாடன் பக்கத்தில் நட்டுவைத்துப் பார்ப்பார்கள். கம்பின் நுனி மாடன் தலைக்கு மேலே நின்றால் இன்னும் தோண்டலாம். இரண்டும் சமமானால் நிறுத்திவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத யாருக்கும் புரியும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

உற்சாகம் தாங்காமல் தாசில்தாரிடம் போய்ச் சொன்னேன்: “சார், எல்லாக் குழியிலயும் சாட்சியைச் சாமியாக்கிட்டா நமக்கு வேலையே இருக்காது. எவனும் தலையில கைவைக்க மாட்டான்.”

“சாமி சாட்சி சொல்லும்வே. குறுக்கு விசாரணைக்கு வராது” என்றார்.

வைகாசியில் மறுபடி போனேன். கம்பின் நுனி மாடன் தலைக்கு மேலே ஒரு சாண் நின்றது. அளந்தேன். பத்தடிக்குள்தான். எழுந்து நிமிர்ந்தபோது ஏதோ உறுத்தியது. தை மாதம் மாடன் தலையும் மேட்டுப் புல்லும் கண்ணுக்கு ஒரே கோடாகத் தெரிந்தன. இப்போது புல் எங்கேயோ உச்சியில் ஆடுகிறது. தலையாரியை மேலே அனுப்பி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு தேங்காய்நார்க் கயிற்றை இழுத்துக் கட்டச் சொன்னேன். கயிறு நடுவில் தொய்ந்தும்கூட மாடன் தலைக்கு ஒரு முழத்துக்கு மேல் உயரத்தில் நின்றது. தலையில் புல்லும் இல்லை.

“இசக்கியம்மா, மாடன் ஏன் குள்ளமாயிட்டார்?”

“எங்க குள்ளம்? இருந்த எடத்துலதான இருக்காரு...” என்று சிரித்துக்கொண்டே வந்தவர் கயிற்றைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொருவராக மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

“சார், சாமி தலைய வெட்டுனவன் கை வெளங்குமா? பிள்ளைகுட்டி உள்ளவ நான். எங்கள்ல ஒருத்தரும் செய்யல” என்றார் இசக்கியம்மா. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்திருந்தார், என்னைப் பார்த்து அல்ல.

பார்த்ததை நான் சொல்லியாக வேண்டும், சொன்னேன். தாசில்தார் அன்றே வேலையை நிறுத்தி நோட்டீஸ் அனுப்பினார். சாட்சியை வெட்டியதாகத் தெரிகிறது, லைசென்ஸை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு. மறுநாள் மீரான் ராவுத்தர் ஆபீஸுக்கு வந்து நின்றார்.

“தறிய வித்து வண்டி வாங்குனேன் சார். இந்தக் குழி போனாலும் வேற குழி பாத்துக்கிடலாம். ஆனா சாட்சிய வெட்டுனவன்னு பேரு வந்துட்டுன்னா இந்தத் தாலுகாவுல எனக்கு எவன் குழி குடுப்பான்? எங்கிட்ட வேல செய்யுததுகளும் தெருவுல நிக்கும். நான் வெட்டல. அல்லா மேல ஆணையா வெட்டல.”

“சரி, நீரு வெட்டல. குறைஞ்சிருக்கா, இல்லியா?” என்று கேட்டார் தாசில்தார்.

“குறைஞ்சிருக்கு.”

“யாரு குறைச்சது?”

“தெரியலயே சார்.”

“நீரு தெரியலன்னு சொல்லலாம். நான் தெரியலன்னு எழுத முடியுமா ராவுத்தரே?”

ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பரிதாபம் மட்டும் காரணமில்லை; அந்தப் புதிர். வெட்டாமல் ஒரு தூண் எப்படிக் குறையும்? மழை கரைத்ததா? மாசி தொட்டு ஒரு தூறல்கூட இல்லை. அதோடு பக்கச் சுண்ணாம்பு பளிச்சென்று இருக்கிறதே. கறையானா? ஒரு பொந்துகூட இல்லை. விரோதி எவனாவது வந்து சீவிவிட்டானா? இந்தப் பக்கத்தில் மாடன் தலையில் மண்வெட்டி வைக்கத் துணிந்தவன் எவன்?

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் பக்கம் சும்மா சைக்கிள் விட்டேன். அருவியில் தண்ணீர் இல்லை என்று தெரியும். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வழியில் ஒரு டீக்கடை. எதிரே வேறு குழிச் சரளை இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டியொன்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். காளைகள் இரண்டின் நெற்றியிலும் மஞ்சளாக ஒரு பொட்டு. பக்கத்தில் இன்னொரு வண்டி. அந்தக் காளைகளுக்கும் அதே பொட்டு.

வண்டிக்காரர் சுப்பையா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“காளைக்குச் சந்தனமா அண்ணாச்சி?”

“மனுசனுக்கே சந்தனத்தக் காணும். அது மாடன் மண்ணுல்லா.”

“எந்த மாடன்?”

“ராவுத்தர் குழி மாடன்தான். சரள் ஏத்தப் போறப்ப ஏணி வச்சு ஏறி, தலையில ஒரு கிள்ளு எடுத்து மாட்டு நெத்தியில வச்சா ஏத்தத்துல நுகத்தடி முறியாது. லாரிக்காரன்லாம் புளியறையிலருந்து வந்து துணியில முடிஞ்சுட்டுப் போறான், மலையேறணும்லா. துடியான சாமி.” அவர் டீயை ஒரு மடக்கு குடித்தார். “முந்தி நல்ல செவப்பா இருக்கும் மண்ணு. கொஞ்ச நாளா மஞ்சளாயிட்டு. சாமிக்கு என்ன மனத்தாங்கலோ.”

“எப்ப மஞ்சளாச்சு?” நான் எழுந்துவிட்டேன்.

“சார், டீ...”

டீ கிடக்கட்டும். நேரே அச்சன்புதூருக்கு மிதித்தேன். ஆளில்லாத குழிக்குள் இறங்கிச் சுவரைப் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்த சுவர்! மேலே ஒன்றரை முழத்துக்குச் செம்மண். அதற்குக் கீழே கோடு போட்ட மாதிரி மஞ்சள் சரள் தொடங்குகிறது. மாடன் பக்கங்களில் சுண்ணாம்பு இருந்ததால் இந்த அடுக்கு அங்கே தெரிந்ததில்லை. தலையைப் பார்த்தேன். மஞ்சள். பீடம் என்று மேலே சிறுக்கவைத்ததால் தலை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். கிள்ளக் கிள்ள எவ்வளவு சீக்கிரம் இறங்கும்! யாரும் வெட்டவில்லை. செம்மண் முழுவதும் காளை நெற்றிகளில் ஏறி ஊர் ஊராகப் போய்விட்டது.

மறுநாள் தாசில்தார் ஜீப்பில் வந்தார். எல்லோரும் கூடியிருந்தார்கள். வழக்கம்போல் குழிக்கு முதுகைக் காட்டி, குடை பிடித்து நின்றார். நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் இசக்கியம்மாவைக் கேட்டார்:

“தலையில மண்ணு எடுக்கது உண்டா?”

“கிள்ளுதது உண்டு சார். வெட்டுனதில்ல.”

“யாரு யாரு கிள்ளுவீய?”

“யாரு கிள்ளல? பிள்ளைக்குக் காச்சல்னா, பசு ஈனாமக் கெடந்தா, வேலைக்குப் புதுசா ஒருத்தி வந்தா...”

மீரான் ராவுத்தர் தொண்டையைச் செருமினார். “எங்க வீட்லயும் சார்... சின்னவனுக்கு மாந்தம் வந்தப்ப... கேட்டாவ.”

“நான்தான கொண்டு குடுத்தேன்!” என்றார் இசக்கியம்மா.

குழிக்கு முதுகு காட்டி நின்ற தாசில்தாரின் கண்ணுக்கு நேரே அவருடைய ஜீப் நின்றது. ஜீப்புக்குள் கண்ணாடியில் ஒரு சின்னத் துணி முடிச்சு தொங்கியது.

“பால்ராஜ், அது என்னவே?”

டிரைவர் பால்ராஜ் தலையைச் சொறிந்தார். “மண்ணு சார். புளியறை ரோட்டுல வளைவு ஜாஸ்தி... உங்கள ஏத்திக்கிட்டுப் போறேன்லா.”

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தாசில்தார் சிரிக்கவில்லை. ஆனால் குடையை மடக்கினார். அவர் வெளியில் நின்று குடையை மடக்கி அன்றுதான் பார்த்தேன்.

“அப்பம் வெட்டுனது யாருமில்ல” என்றார் இசக்கியம்மா மெதுவாக. “எல்லாருமாச் சேந்து வெட்டிருக்கோம்.”

“அந்தக் கம்ப வச்சு எப்படிப் பாப்பீய?” என்று கேட்டார் தாசில்தார்.

இசக்கியம்மா கம்பை எடுத்து மாடன் பக்கத்தில் நட்டார். “கம்பு சாமி தலைக்கு மேல நின்னா இன்னும் தோண்ட எடம் இருக்குன்னு...” பாதியில் நிறுத்திவிட்டார். கம்பைப் பார்த்தார், மாடனைப் பார்த்தார், அண்ணாந்து சுவரைப் பார்த்தார். மாடன் குறையக் குறையக் கம்பு எப்போதும் மேலேதான் நிற்கும். நாணயமாகக் கம்பைப் பார்த்துப் பார்த்தே பத்தடியைத் தாண்டித் தோண்டியிருக்கிறார்கள்.

தாசில்தார் ராவுத்தரிடம் சொன்னார்: “சாட்சிய வெட்டுனீருன்னு எழுதினத எடுத்துருதேன். ஆனா யாரு குறைச்சாலும் ஆழம் ஆழம்தான். கரையச் சரிச்சு, அடிய மேடாக்கிப் பத்தடிக்குள்ள கொண்டுவாரும். அதுவரைக்கும் ஒரு கூட மண்ணு வெளிய போகக் கூடாது. மேக்குச் சொவருகிட்ட யாரும் உக்காரவே கூடாது.”

“அங்கனதான சார் மத்தியானம் நெழலு” என்றாள் ஒரு பெண்.

“நெழலு வேண்டாம்.”

“அதெல்லாம் செஞ்சு முடிக்க முன்ன சாரல் வந்துருமே சார்” என்றார் ராவுத்தர். “கான்ட்ராக்டர் வேற குழிக்குப் போயிருவானே.”

“போகட்டும்” என்றார் தாசில்தார்.

ராவுத்தர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். இசக்கியம்மா என்னிடம் வந்தார். “நீங்க கண்டுபிடிச்சு என்ன சார் ஆச்சு? களவாணிப் பட்டம் போச்சு. கூடவே சோறும் போச்சு.”

மஞ்சள் மண்ணைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதற்கு அப்பால் நான் யோசித்திருக்கவே இல்லை.

வடக்குக் கரையிலிருந்து சரிக்க ஆரம்பித்தார்கள். மேற்குச் சுவருக்கு வந்து சேருவதற்குள் சாரல் வந்துவிட்டது. அந்த வருஷம் முன்னதாகவே வந்தது, காற்றோடு. இரவு பகலாகப் பெய்தது. குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்று தென்காசியே சந்தோஷத்தில் இருந்த ஒரு காலையில் தலையாரி நனைந்துகொண்டு ஆபீஸுக்கு வந்தார். மேற்குச் சுவர் விழுந்துவிட்டது.

“யாராவது...?” என்றேன்.

“யாரும் இல்ல சார். வேலதான் இல்லயே.”

தாசில்தாரும் நானும் போய்ச் சேர்ந்தபோது மேட்டில் எல்லோரும் நனைந்துகொண்டு நின்றார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்கள் வரிசையாகச் சாய்ந்து உட்காரும் இடத்தில் வண்டி வண்டியாக மண் கிடந்தது. தூக்குச்சட்டி மாட்டச் சுவரில் அடித்திருந்த கட்டைகளில் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. மாடன் நெஞ்சு வரை புதைந்து நின்றார். தாசில்தார் அன்று குழிக்கு முதுகு காட்டவில்லை. வெகுநேரம் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அளந்து பாரும்வே” என்றார்.

“என்ன சார்?”

“ஆழத்த அளந்து பாரும்.”

மேலேயிருந்து கயிறு இழுத்து, மழைக்குள் இறங்கி அளந்தேன். சரிந்த மண் அடி முழுவதும் பரவியிருந்தது. செங்குத்துச் சுவர் போய்ச் சரிவாகிவிட்டது. “பத்தடிக்குள்ள இருக்கு சார்” என்றேன். நாங்கள் கேட்டதை மழையே செய்து முடித்திருந்தது.

“தடைய எடுத்தாச்சு. நாளைலருந்து வண்டி கட்டும் ராவுத்தரே. அந்த வடக்கு மூலைல வெட்டாத இடம் கிடக்குல்லா, அங்க எடும்” என்றார் தாசில்தார்.

ராவுத்தரின் பார்வை அந்தச் சாப்பாட்டு இடத்திலேயே இருந்தது. “நாளைக்கு வேண்டாம் சார். ரெண்டு நாளு போவட்டும். இதுகள அதுக்குள்ள எறங்கச் சொல்ல எனக்கு வாய் வரல” என்றார். மழையில் மற்ற குழிகளும் நின்றுபோயிருந்தன, சாலை வேலையும் நின்றிருந்தது. வெயில் கண்டதும் கான்ட்ராக்டரின் ஆள் ராவுத்தரைத் தேடித்தான் வந்தான்.

இசக்கியம்மா அன்று ஜீப் வரைக்கும் என்கூட வந்தார். “பாத்தீயளா சார்? மாடன் தன்னையே குறைச்சாரு. குறைஞ்சதுனால நீங்க கயிறு கட்டுனீய. கயிறு கட்டுனதுனால வேல நின்னுச்சு. வேல நின்னதுனாலதான் இன்னைக்கு நாங்க உசுரோட நிக்கோம்.”

“அக்கா, நீங்க கிள்ளினதாலதான் மாடன் குறைஞ்சார். அவர் குறைஞ்சதாலதான் ஆழம் கூடிச்சு. ஆழம் கூடினதாலதான் சுவரே விழுந்துச்சு” என்றேன்.

அவர் நடந்துகொண்டே யோசித்தார். “அதுவும் சரிதான்” என்றார்.

இன்றுவரை எனக்கு அந்தப் பதிலில் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வடக்கு மூலையில் புதுசாக மூன்று சாட்சிகள் விடச் சொன்னோம். “அது சர்க்கார் சாட்சி, நாங்க அண்ட மாட்டோம்” என்று இசக்கியம்மா கையடித்துச் சொன்னார். அடுத்த தடவை போனபோது அதில் ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வேறு வழியில்லை என்று நான் ஒரு யோசனை சொன்னேன். ஒரு பனையோலைப் பெட்டி. அதில் சலித்த செம்மண்ணை நிரப்பி மாடன் காலடியில் வைத்துவிடுவது. கிள்ளுகிறவர்கள் பெட்டியில் கிள்ளட்டும்.

“சாமி மேல பட்ட மண்ணா இருக்கணுமே” என்றார் இசக்கியம்மா.

“ஒரு நாள் முழுக்க அவர் காலடியில இருந்தா போதாதா?”

“ஒரு வெள்ளிக்கெழம இருந்தாப் போதும்” என்று முடிவு சொன்னார்.

தாசில்தாரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடிவைத்தார். “இதெல்லாம் எந்த விதிப்படிவே?” என்றார். தெரியாது என்றேன். “எனக்கும் தெரியாது. செஞ்சுட்டு வாரும்” என்றார்.

புரட்டாசியில் போனேன். பெட்டி காலி. அடியில் ஒரு கிள்ளு மண்கூட இல்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போய் மாடன் தலையையும் மற்ற மூன்று தலைகளையும் பார்த்தேன். மாடன் தலை பழைய மட்டத்திலேயே நின்றது, மற்ற மூன்றிலும் புல் அப்படியே இருந்தது. ஒரு விரல் நகம் பட்ட அடையாளம் இல்லை.

“பெட்டி காலியாயிட்டே. தலையில கைவைக்க யாரும் வரலயா?” என்று கேட்டேன்.

“வராம? காலையில ஒரு லாரிக்காரன் வந்து கைய நீட்டிட்டான்.” இசக்கியம்மா கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். “நான் விடல. ஏலே, எங்க மாடனும் லைசென்ஸ்லதாம்ல நிக்காரு, வெள்ளிக்கெழம வான்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

சங்கிலியை ஓரமாக வைத்துவிட்டு, சல்லடையை வாங்கி, முதலில் பெட்டியை நிரப்பினேன். அளப்பதெல்லாம் அப்புறம்தான்.